சாம்பிராணி போடாத நாள்

மௌனிகாவிடம் ஒரு வேலையைச் சொன்னால் நடக்கும். எப்போது நடக்கும் என்று மட்டும் கேட்கக் கூடாது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, சமையலறைச் சன்னல் வழியே குருடிமலையில் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மேகம் பாதி மலையை மூடியிருக்கும், பால் அடுப்பு முழுவதையும் மூடியிருக்கும். அவள் கணவன் ரவிதேஜா பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்து, மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் கடைந்து கொடுப்பவன். நல்ல மனிதன்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. "எங்கூட்டு அம்மணி ஊட்டுலதானுங்க இருக்கும், ஆனா இருக்காதுங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். வீட்டுக்குள் தெலுங்கு, வாசல் தாண்டினால் கொங்குத் தமிழ் என்று வாழ்கிற குடும்பம் அது. இரண்டு மொழியிலும் அவளுக்குக் கிடைத்த பேர் ஒன்றுதான், கனாக்காரி.

அந்தக் கனாக்காரி ஒரு சான்றிதழுக்காக மல்லுக்கட்டிய கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அவள் வேதியியல் படித்தவள். படித்த படிப்பைப் பரணில் போட்டுவிட்டு, ஏசி சர்வீஸ் கம்பெனி ஒன்றில் போன் எடுக்கிற வேலை பார்த்தாள். "கூலிங் வர்லீங்க", "தண்ணி சொட்டுதுங்க", "ரிமோட்டை நாய் கடிச்சுப்போட்டுதுங்க", இப்படித்தான் நாள் முழுக்க. ஆனால் நடுநடுவே வேறு மாதிரி ஆட்களும் பேசுவார்கள். "புது ஊட்டுக்கு வந்ததுல இருந்து பாப்பாவுக்குத் தும்மல் நிக்கலீங்க. ஏசில ஏதாச்சும் இருக்குமுங்களா?" மற்ற பெண்கள் என்றால் ஃபில்டர் கழுவ ஆள் அனுப்புகிறோம் என்று வைத்துவிடுவார்கள். மௌனிகா போனைக் காதில் வைத்தபடியே அந்த வீட்டுக்குள் போய்விடுவாள். பெயிண்ட் வாசம் போகாத சுவர், பீரோவுக்குப் பின்னால் பூத்திருக்கும் ஈரம், திறக்காத சன்னல், எல்லாம் அவள் கண்முன் வரும். அதற்குள்ளே காற்று, போக்கிடம் இல்லாத சொந்தக்காரர் மாதிரி, அறை அறையாக நடந்துகொண்டிருக்கும்.

இப்படி வீட்டுக்குள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பூசணத்தையும் புகையையும் அளந்து சொல்வதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது, அதற்கு முறையான சான்றிதழ் உண்டு என்று ஒருநாள் அவளுக்குத் தெரியவந்தது. உள்ளறைச் சூழல் நல ஆய்வாளர் என்று பேர். நமக்கெல்லாம் தெருவில் காற்று கெட்டால் மாசு, கூட்டம் போடுவோம், வீட்டுக்குள் கெட்டால் விசிறியை வேகமாக வைப்போம், அவ்வளவுதான். ஒரு நாளில் முக்கால்வாசியை நான்கு சுவருக்குள் கழிக்கிற மனுசருக்கு இந்தப் புத்தி ஏன் வரவில்லை என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. மௌனிகாவுக்கோ, இத்தனை வருசம் தான் கண்ட கனவுக்கெல்லாம் யாரோ ஒரு பேர் வைத்துக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

கம்பெனி முதலாளியிடம் போய்க் கேட்டாள். "வாங்கிப்போட்டு வாங்க அம்மணி, ஊடு ஊடா அனுப்பி வெக்கறேன். ஆனா இந்த வருசமே வேணுமுங்க. இல்லீன்னா வெளிய ஆள் எடுத்துக்குவேன்" என்றார் அவர். அதாவது சான்றிதழ் கிடைத்தால் இத்தனை நாள் காதால் மட்டும் நுழைந்த வீடுகளுக்குள் காலால் நுழையலாம். கிடைக்காவிட்டால் ரிமோட்டைக் கடித்த நாய்களோடு காலம் போகும்.

முதல் தடவை எழுத்துத் தேர்வில் கோட்டை விட்டாள். எப்படித் தெரியுமா? தேர்வறைச் சன்னல் வழியே வெயில் ஒரு பட்டையாக விழுந்திருந்தது. அதில் தூசி மிதந்து மிதந்து ஆடியது. அதைப் பார்க்க ஆரம்பித்தவள், மணி அடித்த பிறகுதான் திரும்பினாள். காற்றில் மிதக்கும் துகள் பற்றிய கேள்விக்கே அவள் விடை எழுதவில்லை. இதைக் கேட்டு ரவிதேஜா தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் மறுபடியும் பணம் கட்டியதும், இரவுச் சமையலைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அவளைப் படிக்கவிட்டதும் அவன்தான். அடுத்த தடவை எழுத்துத் தேர்வில் தேறினாள். மிச்சமிருந்தது செய்முறை. ஏதாவது குறை சொல்கிற ஒரு வீட்டைத் தேடிப் பிடித்து, தேர்வாளர் முன்னால் அளந்து பார்த்து, குறை என்னவென்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே வருகைதான். அதில் தவறினால் அடுத்த வருசம்.

வீடு தானாகவே வந்தது. கருமத்தம்பட்டியிலிருந்து மனோஜ்குமார் என்று ஒருவர் கம்பெனிக்குப் போன் செய்தார். விசைத்தறி வைத்திருப்பவர், தறிச்சாலையை ஒட்டியே பெரிதாகப் புது வீடு கட்டியிருக்கிறார். அவருடைய அம்மா தெய்வாத்தாளுக்குத் தினமும் விடிந்தால் தலைவலி, குமட்டல், எழுந்து நின்றால் கிறுகிறுப்பு. ஸ்கேன் வரைக்கும் எடுத்துப் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை.

"இதுல என்ன கொடுமைன்னாங்க, சோமனூர்ல என்ற தங்கச்சி ஊட்டுக்குப் போனா அம்மாவுக்கு நோவே இல்லீங்க. இங்க வந்தா மறுநாளே வந்துருது" என்றார் மனோஜ்குமார். இதற்கு ஊர் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்ளும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மகள் வீட்டில் சௌக்கியம், மகன் வீட்டில் நோக்காடு என்றால் பழி நேராக மருமகள் தலையில். லோகப்பிரியா என்கிற அந்த மருமகளை உறவுக்காரர்கள் கல்யாண வீடுகளில் பார்க்கிற பார்வையே மாறியிருந்தது.

இங்கே மௌனிகா செய்ய வேண்டியது இரண்டு. வீட்டில் தினமும் எதையாவது எரிக்கிறீர்களா, விறகா, கரியா, கொசுவத்தியா என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு, அளக்கப்போகிற நாளுக்கு முந்தின நாளிலிருந்து சன்னலைத் திறக்க வேண்டாம், புகை எதுவும் போட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். முதலாவதைக் கேட்க வாயெடுத்த நேரத்தில் போனுக்குள் தறிச் சத்தம் கேட்டது. டடக்கு டடக்கு என்று நூறு தறி சேர்ந்து ஓடுகிற சத்தம். கனாக்காரி அதற்குள் போய்விட்டாள். திரும்பி வந்தபோது இரண்டாவதை மட்டும் சொன்னாள். "சாம்பிராணி, ஊதுபத்தி எதுவும் வேண்டாமுங்க." "சேரிங்க, சொல்லிப்போடறேன்" என்றார் அவர்.

ஆடி மாதம். பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்று தென்னைகளை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. கருமத்தம்பட்டியில் மௌனிகா பஸ்ஸை விட்டு இறங்கியபோது, தேர்வாளர் கிருபாசங்கர் காரிலிருந்து இறங்கிக் காத்திருந்தார். சிரிப்பை அளந்து செலவு செய்கிற மனிதர். "வாங்கம்மா, நான் வேடிக்கைதான் பாப்பேன், எல்லாம் நீங்கதான் பண்ணணும்" என்றார். தறிச்சாலைகளிலிருந்து கிளம்பிய பஞ்சு காற்றில் மிதந்து, வேலியிலும் கம்பத்திலும் கம்பியிலும் வெள்ளையாக ஒட்டியிருந்தது. தெருவே பாதித் தூக்கத்தில் இருப்பது போல அவளுக்குத் தோன்றியது. மீட்டர்கள் இருந்த பொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் தறிச் சத்தம் கத்தரித்தது போல நின்றது. சத்தமும் பஞ்சும் வரக் கூடாது என்று மனோஜ்குமார் சன்னலுக்கெல்லாம் தடித்த கண்ணாடி போட்டு, இடுக்குகளில் ரப்பர் பட்டை வைத்து இறுக்கியிருந்தார். தறிக்காரனாகப் பிறந்து வளர்ந்தவர், அம்மாவாவது கடைசிக் காலத்தில் சத்தமில்லாமல் தூங்கட்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். அதிலே தப்பு என்ன இருக்கிறது? ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவரும் என்றுதான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார். அது உள்ளே இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது என்பதை யார் அவரிடம் சொன்னார்கள்?

"வாங்க அம்மணி, உக்காருங்க. மொதல்ல காப்பி" என்று தெய்வாத்தாள் எதிரே வந்தாள். அறுபது தாண்டிய உடம்பு, இன்னும் நிமிர்ந்த நடை. "இன்னைக்குப் பாத்து மண்டையிடியே இல்லீங்க. டாக்டரைக் கண்டா நோவு ஓடிப்போற மாதிரி ஆயிப்போச்சு. உங்களைச் சும்மா அலைய வெச்சுப்போட்டோம்."

மௌனிகா அறை அறையாக அளந்தாள். ஈரம் இல்லை, பூசணம் இல்லை. குளியலறைக்குப் பின் சுவரைத் தட்டிப் பார்த்தாள், மரப் பலகைகளை மோந்து பார்த்தாள், ஏசியைத் திறந்து பார்த்தாள். மீட்டரில் எண்கள் எல்லாம் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தன. தெய்வாத்தாளின் படுக்கையறையில் காற்றோட்டம் போதாது என்பதைத் தவிர எழுத ஒன்றுமில்லை. அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு சின்ன மேசை, மேசைமேல் மாலை போட்ட படம். படத்தில் இருந்தவர் தெய்வாத்தாளின் கணவர் செங்கோடன். தறி ஓட்டியே காது மந்தமாகி, இரண்டு வருசத்துக்கு முன் தூக்கத்திலேயே போனவர்.

"வீடு சுத்தமா இருக்கு. நீங்க செஞ்ச முறையிலயும் குறை இல்ல. முடிவை எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார் கிருபாசங்கர். அதாவது தேறியாயிற்று. மௌனிகாவுக்குச் சந்தோசம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. ஏனென்றால் மனோஜ்குமார், "அப்ப ஊட்டுல ஒண்ணுமில்லீங்க. எல்லாம் மனசுலதான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். காப்பித் தம்ளர்களை எடுக்க வந்த லோகப்பிரியா ஒரு கணம் நின்றாள். பிறகு தம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். மௌனிகா அந்தப் பெண்ணின் முதுகையே பார்த்தாள். வீட்டின் மேல் குறையில்லை என்றால் இவள் மேல்தான் குறை என்று நான் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகப்போகிறேனா என்று நினைத்தாள்.

கிளம்புகிற பெண்ணுக்குக் குங்குமம் கொடுக்காமல் எந்த வீட்டில் அனுப்புவார்கள்? தெய்வாத்தாள் அவளைத் தன் அறைக்குள் கூப்பிட்டாள். படத்துக்கு முன்னால் இருந்த சிமிழை நீட்டினாள். கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"ஏனுங்க அம்மணி, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே. மெசின் கொண்டாந்தீங்களே, மனுசரு வந்து போனா அதுல தெரியுமுங்களா?"

"எந்த மனுசருங்க?"

தெய்வாத்தாள் படத்தைப் பார்த்தாள். "தெனமும் வருவாருங்க. தலையெல்லாம் பஞ்சோட, தறியில இருந்து வந்த மேனிக்கு, இந்தக் கட்டில் ஓரத்துல உக்காருவாரு. 'சோறு உண்டியா புள்ள'ன்னு கேப்பாரு. உசுரோட இருக்கறப்ப ஒரு நாள் கேட்டதில்லீங்க. வருவாரு, உண்பாரு, எந்திரிச்சுப் போயிருவாரு. இப்ப கேக்கறாரு. நான் பதில் சொல்லோணும்னு வாயத் தொறக்கறேன், நாக்கு எந்திரிக்க மாட்டேங்குது. அப்படியே விடிஞ்சுருது. மண்டையப் புடிச்சுக்கிட்டு எந்திரிக்கறேன். நாளைக்குச் சொல்லிப்போடலாம், நாளைக்குச் சொல்லிப்போடலாம்னுதானுங்க தெனமும் படுக்கறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நேத்து ராத்திரி மட்டும் வர்லீங்க. புது ஆளுக வாராங்கன்னு கூச்சப்பட்டாரோ என்னமோ."

மௌனிகா குங்குமத்தைத் தொட்ட விரலோடு அப்படியே நின்றாள். நேற்று மட்டும் அவர் வரவில்லை. இன்றைக்கு மட்டும் தலைவலி இல்லை. அவள் கண் மேசையடிக்குப் போயிற்று. பளபளக்கும் டைல்ஸில் வட்டமாக ஒரு கறை, சூடான பாத்திரத்தைத் தினமும் ஒரே இடத்தில் வைத்த கறை. சன்னல் திட்டில் கழுவிக் கவிழ்த்திய ஒரு பித்தளைத் தூபக்கால்.

"அம்மா, தெனமும் சாம்பிராணி போடுவீங்களா?"

"அவருக்குங்களா? பொழுதோட, வெளக்கு வெக்கற நேரத்துக்குத் தவறாதுங்க. கடையில விக்கற கப்புச் சாம்பிராணி அவருக்குப் புடிக்காது. தேங்காத்தொட்டிக் கரியப் பத்த வெச்சு, நல்லாக் கங்காக்கி, அதுலதான் போடறது. படுக்கற வரைக்கும் கங்கு இருக்குமுங்க. நேத்துத்தான் நீங்க வேண்டாம்னு சொன்னீங்கன்னு என்ற பையன் சொன்னான். அதான் கழுவிக் கவுத்திப்போட்டேன்."

"கதவைச் சாத்தி வெச்சுக்குவீங்களா?"

"சாத்தி, அடியில ஒரு துணியும் வெச்சுருவேனுங்க. ஒருக்கா லோகு அந்தப் புகையில தும்முச்சு. ஒண்ணும் சொல்லலை, பாவம். ஆனா புள்ளைக்கு ஆகாதுன்னு நமக்குத் தெரியோணுமில்லீங்க?"

அடைத்த அறை, எரியும் கரி. அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. அது ரத்தத்தில் ஏறி, தலையைக் கனக்க வைத்து, நாக்கைக் கட்டிப்போடும். இன்னும் கொஞ்சம் கங்கு கூடிப்போன ஒருநாள் விடியாமலே போய்விடும். மாமியார் மருமகளுக்காகக் கதவிடுக்கில் துணி வைத்தாள். மருமகள் மாமியார் மனசு நோகக் கூடாது என்று தும்மலை விழுங்கினாள். மகன் இருவருக்குமாகச் சேர்த்துச் சன்னலை இறுக்கினான். ஒருவர்க்கொருவர் இத்தனை மரியாதையாக இருந்தே இந்த வீட்டில் ஓர் உயிர் போயிருக்கும். அப்படிப்பட்ட ஊர் எங்கள் ஊர், வேறென்ன சொல்ல.

ஆனாலும் அவள் சட்டென்று வாயைத் திறக்கவில்லை. கனவு காண்பதைத் தவிர வேறொன்றும் உருப்படியாகத் தெரியாது என்று பேர் வாங்கியவள் அவள். பால் பொங்கினாலும், தேர்வு போனாலும், அந்த மேகத்தையும் அந்தத் தூசியையும் பார்த்ததற்காக அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. நாற்பது வருசம் கேட்காத ஒரு கேள்வியை ஒரு மனிதர் இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறார். அவரை வர வேண்டாம் என்று சொல்ல நான் யார் என்று அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. பிறகு குங்குமத்தை வைத்துக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"சார், நான் கேக்க வேண்டிய ஒண்ணைக் கேக்காம விட்டுட்டேன்" என்று கிருபாசங்கரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் பாத்துக்கிட்டுதானே இருந்தேன், எனக்கும் தோணலை. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கும்மா. இப்ப இருக்கறபடி முடிச்சா நீங்க பாஸ். அந்த அம்மாகிட்ட கரி வேண்டாம்னு வாயால சொல்லிட்டும் போகலாம். மறுபடியும் அளக்கணும்னா, முதல் அளவு தப்புன்னு நீங்களே எழுதணும். செய்முறை செல்லாது. அடுத்த வருசம்தான். யோசிச்சுச் சொல்லுங்க."

வாயால் சொன்னால் கேட்பாளா தெய்வாத்தாள்? "சேரிங்க" என்பாள். அத்தனை மரியாதையாகத் தலையாட்டுவாள். நாளைக்குப் பொழுதோடு கங்கு தயாராகிவிடும். அங்கே ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறாரே. அப்புறம் லோகப்பிரியாவுக்கு யார் பதில் சொல்வது?

"யோசிச்சாச்சுங்க சார்" என்றாள் மௌனிகா. அவள் வாழ்க்கையில் இத்தனை வேகமாக யோசித்தது அதுதான் முதல் தடவை. கிருபாசங்கர் அவளை ஒரு நிமிசம் பார்த்தார். வாசலில் போட்ட செருப்பைத் திரும்பவும் கழற்றினார். "அப்ப சாயங்காலம் வரைக்கும் இருக்கணும். மதியச் சாப்பாடு இங்கேதான் போல" என்றார்.

மௌனிகா வீட்டாரை உட்கார வைத்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். மனோஜ்குமார் முகம் வெளிறிப்போனது. லோகப்பிரியா கதவடியில் சுருட்டி வைத்திருந்த துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே, "நான் தும்முனதுக்கா அத்தை?" என்று கேட்டாள். "உனக்கு ஆகாதேன்னுதான் கண்ணு" என்றாள் தெய்வாத்தாள். அந்தப் பெண் உடைந்து அழுதாள். இத்தனை நாள் யார் முன்னாலும் அழாதவள்.

தெய்வாத்தாள் மட்டும் அசையவில்லை. "அப்ப வாரது அவரில்லீங்களா? காத்துங்களா?"

"மண்டையிடி அந்தக் காத்துலதானுங்கம்மா. அவரு எதுல வாராருன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றாள் மௌனிகா. அதற்கு மேல் சொல்ல அவளுடைய படிப்பில் இடமில்லை.

பொழுது சாய்ந்தது. தெய்வாத்தாள் முகம் கழுவி, தொட்டிக் கரியைக் கங்காக்கித் தூபக்காலில் எடுத்து வந்தாள். மௌனிகாவும் கிருபாசங்கரும் அவளோடு அறைக்குள் உட்கார்ந்தார்கள். கதவு சாத்தப்பட்டது, வழக்கம்போல் துணியும் வைக்கப்பட்டது. கார்பன் மோனாக்சைடு முப்பத்தைந்தைத் தொட்டதும் மீட்டர் கத்தும், கத்தியவுடன் எல்லோரும் வெளியே, இதுதான் ஒப்பந்தம். வெளியே நூறு தறி ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே மூச்சுச் சத்தம் கேட்கும் அளவுக்கு அமைதி.

சாம்பிராணியைத் தூவியதும் புகை எழுந்தது. சன்னல் கண்ணாடியின் வழியே கடைசி வெயில் ஒரு பட்டையாகக் கட்டில்மேல் விழுந்திருந்தது, புகை அதற்குள் நுழைந்து பொன்னிறமாகச் சுழன்றது. தேர்வறையில் பார்த்த அதே வெயில்தான் என்று மௌனிகாவுக்குப் பட்டது. பார்த்துக்கொண்டே இருந்தாள். புகை கட்டில் ஓரத்தில் தயங்கி, அங்கேயே உட்கார்ந்தது போலிருந்தது. தலை மாதிரி ஓரிடம், தோள் மாதிரி ஓரிடம். பஞ்சு படிந்த தலையைக்கூடப் பார்த்துவிட்டதாக அவள் பிறகு ரவிதேஜாவிடம் சொன்னாள். அவன் அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை.

மீட்டரில் எண் நகர ஆரம்பித்தது. நான்கு. ஒன்பது. தெய்வாத்தாள் அதையே பார்த்தாள்.

"ஏறுதுங்களா அம்மணி?"

"ஏறுதுங்கம்மா."

"வாராருங்க." அவள் குரலில் பயமில்லை, வாசலில் வண்டிச் சத்தம் கேட்ட பெண்ணின் குரல் அது. "கதவுகிட்ட வந்துட்டாருன்னா இப்படித்தான் கண்ணு கனக்குமுங்க."

பதினெட்டு. இருபத்தாறு. கிருபாசங்கர் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டார். மௌனிகா எழுந்து சன்னல் பக்கம் போனாள். கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு திறக்காத சன்னல், கொக்கி இறுகிக் கிடந்தது. அவள் கை அதன்மேல் இருந்தது, இழுக்கத்தான் மனம் வரவில்லை. மீட்டர் கத்தியது.

"ஒரு நிமிசமுங்க" என்று தெய்வாத்தாள் கையை உயர்த்தினாள். யாரையும் பார்க்கவில்லை. கட்டில் ஓரத்தைப் பார்த்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். தூக்கத்தில் இல்லாமல், நாக்குக் கட்டாமல், பொழுது முழுதாக இருட்டுமுன் அவர் முன்னால் அவள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். நிதானமாகச் சொன்னாள்.

"நான் உண்டுபோட்டேனுங்க. நீங்க கெளம்புங்க."

பிறகு எழுந்து வந்து, மௌனிகாவின் கையை விலக்கிவிட்டு, தானே இரண்டு கையாலும் கொக்கியை இழுத்தாள். சன்னல் திறந்தது. ஆடிக் காற்று புகையை ஒரே வாரில் அள்ளிக்கொண்டு போனது. தறிச் சத்தம் அறை முழுக்க வந்து நிரம்பியது. தெய்வாத்தாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றாள், அவளுடைய நரைத்த தலையில் வந்து ஒட்டிய பஞ்சை அவள் தட்டிவிடவில்லை. மௌனிகா கட்டில் ஓரத்தில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து, முதல் அளவு தன்னுடைய தவறு என்று எழுதத் தொடங்கினாள்.